வலிக்கலை என்று சொன்ன பதினோரு நாள்

வலியைத் தாங்கிக்கொள்வது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று உங்களில் யாராவது இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், என் இடது காலைக் கொஞ்சம் வந்து பாருங்கள். மூன்று விரல்தான் இருக்கிறது. கடைசி இரண்டும் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "இந்த வெயிலிலும் எதற்கு சாக்ஸ்?" என்று நடைப்பயிற்சியில் கேட்கிறீர்களே, அதற்கு இதுதான் பதில். போன வாரம் நம்மில் ஒருத்தி, யார் என்று சொல்ல மாட்டேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு "ஒண்ணுமில்லை, வாயுதான்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். அந்த ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போய், நம் ஊர்க்காரர் ஒருவர் வாங்கி, அவரையும் எல்லோரும் துரை என்றே கூப்பிட்ட காலம். அம்மா பழம் பறிக்கப் போவாள். அப்பாவுக்கு மிஷின் கொட்டகையில் வேலை. காப்பிப் பழத்தை அதில் கொட்டினால் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் வரும். அந்தத் தோலை வெளியே மலைபோல் குவித்து வைப்பார்கள். பறிப்புக் காலம் முழுக்க அது மழையில் நனைந்து, புளித்து, அழுகி, ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும். வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகள் அந்தக் குவியலுக்கு நேர் கீழே. கீழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சோறு இறங்காமல் தவிப்பார்கள். எங்களுக்கு அது ஒரு நாற்றமாகவே தெரியாது.

பள்ளிக்கூடம் ஏற்காடு டவுனில். பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்காரர் ஒருவர் சேலம்வரைக்கும் ஷேர் ஜீப் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். கடைசியாக இறங்குகிறவள் நான். மற்றவர்கள் இறங்கியதும் முன்சீட்டில் அவர் பக்கத்தில் தாவி உட்கார்ந்துகொள்வேன். ஜீப்புக்குக் கதவு கிடையாது. அவர் அதிகம் பேச மாட்டார். கியர் மாற்றும்போது மட்டும் வாய்க்குள் "ரெண்டு", "மூணு" என்று சொல்லிக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அன்றைக்கு மூன்றாம் நாள் தூறல். பனி மூடிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எஸ்டேட் ரோட்டில் ஒரு திருப்பம். மேடு என் பக்கம், பள்ளம் அவர் பக்கம். ரோட்டின் ஓரம் அப்படியே பெயர்ந்துகொண்டு போனது. ஜீப் சாய ஆரம்பித்தபோது அவர் என்னைப் பிடித்து வெளியே ஒரே தள்ளாகத் தள்ளினார். கல்லில் போய் விழுந்தேன். காலில் விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கீழே பனிக்குள் ஜீப் மரங்களில் மோதி மோதி உருளுகிற சத்தம். ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் "அண்ணா, அண்ணா" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஹாரனும் நின்றுவிட்டது.

பறிப்பு முடிந்து ஆட்கள் அந்த வழியாக வரும்வரை அங்கேயே கிடந்தேன். அவரை மேலே தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

என்னை அவர் தள்ளிவிட்டார், அதனால்தான் கால் ஒடிந்தது. பத்து வயதுப் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. எனக்குக் கோபம்கூட இருந்தது. ஆனால் மனுஷர் செத்துப்போய்விட்டார். செத்தவர்மேல் கோள் சொல்வது பாவம் என்று நானே முடிவு பண்ணி, தள்ளியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜீப் என்று யாராவது ஆரம்பித்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். பெரியவர்கள் அதற்குள் அவர்கள் பங்குக்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். "பனியில இத்தன நாளு ஓட்டுனவன் அன்னைக்கு மட்டும் எப்பிடிங்க பள்ளத்துல உடுவான்? குடிச்சிருப்பானுங்க" என்று கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் ஒருமுறை சொன்னார். சாயங்காலத்துக்குள் "குடிச்சிருப்பான்" என்பது "குடிச்சிருந்தான்" என்று ஆகிவிட்டது. எல்லோரையும்விட உறுதியாக நம்பியவள் என் அம்மா. பெற்ற வயிறு, பழி போட யாராவது வேண்டியிருந்தது.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனது எனக்குத் தெரியாது, மயக்கம். ஐந்து நாள் கழித்துத் தொடைவரை மாவுக்கட்டோடு துரையின் காரில் மலை ஏறினதுதான் நரகம். இருபது வளைவு. ஒவ்வொன்றிலும் கார் சாயும்போது நான் போட்ட கூச்சலில் டிரைவர் இரண்டு முறை வண்டியை நிறுத்தினார். அப்பா கையைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டேன். வீட்டில் கொண்டுவந்து கிடத்தியதும் மனதுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டேன், செத்தாலும் இனி எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்று.

கிளம்பும்போது டாக்டர் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. "எட்டாம் நாள் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னால வலி அதிகமானாலோ, விரல் கறுத்தாலோ அன்னைக்கே வந்துடணும்." வலி என்று சொன்னால் மறுபடி அந்த ரோடு. சொல்லாவிட்டால் இல்லை. எனக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

அதிலிருந்து ஆரம்பித்தது கூத்து. லைனில் இருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பார்க்க வந்தார்கள். கமலா ஆரஞ்சு, வர்க்கி, ரஸ்க், பேரிக்காய் என்று கட்டில் ஓரம் குவிந்தது. "வலிக்குதா கண்ணு?" என்று கேட்பார்கள். "வலிக்கலீங்க" என்பேன். உடனே ஒரு பிரமிப்பு. மாவுக்கட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். ரைட்டர் தன் மகனைக் கூட்டிவந்து, "பாருடா, ஊசிக்கு ஊரக் கூட்டுறயே! இந்தப் புள்ள காலு ஒடிஞ்சும் சிரிச்சுட்டுக் கெடக்குது பாரு" என்று காதைத் திருகினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் புள்ள நெஞ்சு இரும்புங்க. ஒரு சொட்டுக் கண்ணீரு உடலீங்க" என்று பறிப்புக்காட்டில் அதே பேச்சு. நானும் மயங்கிவிட்டேன். யாருக்குத்தான் பிடிக்காது? பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறவளுக்குத் தைரியசாலி என்று பட்டம்!

ஆனால் வலித்தது. குதிகாலுக்கு மேல், கட்டுக்கு உள்ளே, ஓர் இடத்தில் யாரோ நெருப்புக் கங்கு வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் இரவிலிருந்து காய்ச்சல். அடுத்த நாள் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் கிள்ளிப் பார்த்தேன், என் விரல் மாதிரியே இல்லை. அம்மா கம்பளியைச் சரிசெய்ய வந்தால் நானே முந்திக்கொண்டு பாதத்தை இழுத்து மூடிவிடுவேன். மார்கழிக் குளிர் எனக்குத் துணையாக இருந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கலர்த் தண்ணி மருந்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். "கால்ல வலி இருக்குதா?" "இல்லீங்க." "அப்பறமென்ன, சளிக் காச்சலு." கம்பளியை அவர் தூக்கவே இல்லை.

எட்டாம் நாள் வந்தது. பழம் முற்றி உதிர்ந்துகொண்டிருந்தது, மழை விடவில்லை. "இன்னும் நாலு நாளு கழிச்சுப் போலாமா கண்ணு? வலி ஒண்ணுமில்லையே?" என்று அம்மா கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் சிரித்தேன். 

இதற்கு நடுவில் செத்துப்போன ஜீப் டிரைவரின் சம்சாரம் வர ஆரம்பித்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். மஞ்சக்குட்டையிலிருந்து நடந்தே வருவார். மத்தியானம், எல்லோரும் காட்டில் இருக்கிற நேரம் பார்த்து வந்து, வாசலுக்கு வெளியிலேயே நிற்பார். வெறும் நெற்றி. முதல் நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாமி, நீதான பக்கத்துல உக்காந்திருந்த. அவரு குடிச்சிருந்தாரா?"

நான் கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன நடந்தது என்று கேட்பார். என்னைத் தள்ளிவிட்டார் என்று அவர் பெண்டாட்டியிடமே எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி கண்ணு, தூங்கு" என்று போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதே கேள்வி, மறுபடி நான் கம்பளிக்குள். யாரோ பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "அந்தக் குடிகாரன் பொண்டாட்டிக்கு இங்க என்ன வேல? இன்னொருக்கா வாசப்படி மிதிக்கட்டும், பேசிக்கறேன்" என்று லைனுக்கே கேட்கும்படி அம்மா கத்தினாள்.

பதினோராம் நாளும் வந்தார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சலில் கூரை சுற்றியது. வாசலில் நின்றவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன நாத்தம் கண்ணு இது?"

"காப்பித் தோலுங்க்கா."

"தோலு நாத்தம் எனக்குத் தெரியாதா? வர்ற வழியெல்லாம் அதத்தான் மோந்துட்டு வந்தேன். இது வேற."

விடுவிடுவென்று உள்ளே வந்து கம்பளியைத் தூக்கினார். அவ்வளவு பேர் வந்துபோன அந்த வீட்டில், அவர் ஒருத்தர்தான் அதைச் செய்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் குவியலுக்குக் கீழேயே மூச்சுவிட்டு மூக்கு செத்துப்போனவர்கள். என் கால் அழுகுகிற வாடையும் தோல் அழுகுகிற வாடையும் எங்களுக்கு ஒன்றாகிவிட்டிருந்தன.

இரண்டு விரலும் கறுத்திருந்தன. கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஊறியிருந்தது. அவர் விரலை அழுத்தினார்.

"தெரியுதா?"

"தெரியல."

"எத்தன நாளா?"

"நாலு நாளா."

"அம்மாகிட்டச் சொல்லலயா?"

"சொன்னா வண்டியில ஏத்துவாங்க."

அவர் கம்பளியை என் காலைச் சுற்றி இழுத்துச் சொருகினார். பிறகு, "ஆமா, ஏத்துவாங்க" என்றார். "நானும் அன்னையிலருந்து எதுலயும் ஏறுல சாமி. பஸ்ஸு சத்தம் கேட்டாலே ரோட்ட உட்டு எறங்கிக்கறேன். எங்க போனாலும் நடதான். இன்னைக்கு ஏறோணும். ரெண்டு பேரும் ஏறுவோம்."

நான் கத்தினேன், அடித்தேன், அவர் முடியைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைக் கம்பளியோடு வாரித் தூக்கிக்கொண்டார். லைன் கோடியில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா எழுந்து ஓடி வந்தாள்.

"ஏ புள்ள, எங்க தூக்கிட்டுப் போற?"

"பெரியாஸ்பத்திரிக்குங்க. இவங்கம்மாகிட்டச் சொல்லியுடுங்க. ஒரு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் சாயங்காலந்தானுங்க!"

மாவுக்கட்டோடு நான் என்ன கனம் கனத்திருப்பேன்! அந்த எஸ்டேட் ரோட்டில், மழைச் சேற்றில், பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனார். பெயர்ந்த திருப்பம் வந்தது. அங்கே அவர் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் முகத்தைத் தன் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தக் கழுத்து நரம்பு துடித்தது இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.

பஸ் கிடைத்துவிட்டது. டவுன் தாண்டி முதல் வளைவில் பஸ் சாய்ந்ததும் நான் அலறினேன். அவரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், உதடு வெளுத்திருந்தது. பிறகு என் காதில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். "அவரு தூக்கத்துலயும் வண்டி ஓட்டுவாரு கண்ணு. வளைவு வளைவாச் சொல்லுவாரு. எனக்கு அத்தனையும் மனப்பாடம். இப்பப் பாரு, ரெண்டாவது கியரு போடுவாங்க." பஸ் உறுமி ரெண்டாவது கியருக்கு வந்தது. "இப்ப ஹாரன்." ஹாரன் அடித்தது. "இப்ப ஒடிப்பாங்க, நாம அந்தப் பக்கம் சாயுவோம், ஒண்ணும் ஆவாது, நிமுந்துக்கும்." நிமிர்ந்துகொண்டது. வரப்போவது முன்னாலேயே தெரிந்தபோது என் அலறல் குறைந்தது. பயம் போகவில்லை, காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

பாதி மலை இறங்கியிருப்போம். எங்கள் முன்சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போனார். இன்னொருவர் ஜன்னல் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார். கண்டக்டர் வந்து, "என்னம்மா கொண்டாந்திருக்கற, இப்பிடி நாறுது?" என்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காப்பித் தோல் இல்லாத காற்றில் அப்போதுதான் எனக்கும் அது தெரிந்தது. என்னிடமிருந்துதான் வருகிறது! செத்த எலி நாறுகிற மாதிரி, என் காலிலிருந்து. அதற்குப் பிறகு வளைவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. "அக்கா, பஸ்ஸ வேகமாப் போகச் சொல்லுங்க" என்றேன்.

ஒன்று கவனியுங்கள். அவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்தாரே, அந்தக் கேள்வியை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பதில் அவர் கைக்குள்ளேயே இருந்தது, கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தார்கள். நான் பார்க்காதபடி அவர் என் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஆனால் டாக்டர் குரல் கேட்டது. "ரெண்டு விரல எடுத்தே ஆகணும். சீழ் மேல ஏறிட்டிருக்கு. இன்னைக்கே எடுத்தா காலக் காப்பாத்தலாம். நீங்க யாரு? அம்மாவா?" இல்லை என்றார். "அப்ப பெத்தவங்க கையெழுத்து வேணும். சீக்கிரம் வரச் சொல்லுங்க." எப்படி வரச் சொல்வது? போனா, ஒன்றா? ஊசி போட்டார்கள், காத்திருந்தோம். டாக்டர் இரண்டு தடவை வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மாவும் அப்பாவும் ஆயா சொன்னதும் கிடைத்த லாரியில் ஏறி, பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். அம்மா இடுப்பில் பழம் பறிக்கிற பையைக்கூட அவிழ்க்கவில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்க்கவில்லை, நேராக அவரிடம் போனாள்.

"எவளக் கேட்டு எம் புள்ளையத் தூக்கிட்டு வந்த? உம் புருசன் குடிச்சுப்போட்டு உருட்டி உட்டான். நீ விரல வெட்டச் சொல்றயா?"

டாக்டர் குறுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கிற நிலையில் இல்லை. "இல்லீங்க சாமி, எம் புள்ளைக்கு வலியே இல்லீங்க. தெனமும் கேக்கறனுங்க, வலிக்கலைன்னுதாஞ் சொல்லுது. வலிக்காத காலுல கத்திய வெக்க உடமாட்டனுங்க. நாங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்." அப்பாவைப் பார்த்து, "தூக்குங்க அவள" என்றாள். அப்பா குனிந்து என் அக்குளில் கை கொடுத்துவிட்டார். என் பொய் அப்படியே எழுந்து நின்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டது.

"அம்மா, வலிக்குது."

அம்மா நின்றாள்.

"மொதல்லருந்தே வலிக்குதும்மா. வண்டியில ஏத்துவீங்கன்னு பொய் சொன்னேன். எல்லாமே பொய்யிம்மா. எனக்கு நொம்ப வலிக்குதும்மா." பதினோரு நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. வாய்விட்டு, வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன். அப்பா என்னைப் படுக்கையில் விட்டுவிட்டு, டாக்டர் பின்னால் கையெழுத்துப் போடப் போனார். அம்மா கம்பளியை விலக்கினாள். முதல் தடவையாக என் பாதத்தைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை என்னால் எழுத முடியாது.

வாய் திறந்தபிறகு மூட முடியவில்லை. டிரைவர் சம்சாரம் சுவரோரம் நின்றிருந்தார். "அக்கா, அவரு குடிக்கல" என்றேன். "ஒண்ணுமே குடிக்கல. ரோடு இடிஞ்சு உழுந்துச்சு. ஜீப்பு சாயும்போது என்னைப் புடிச்சு வெளிய தள்ளிட்டாரு. அதுலதான் காலு ஒடிஞ்சுது. நான் கோள் சொல்லலக்கா. கோவிச்சுக்காதீங்க."

 அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எந்தக் கையில தள்ளுனாரு சாமி?"

யோசித்தேன். "இந்தக் கையில" என்று என் இடது கையைக் காட்டினேன். "அந்தக் கை ஸ்டீரிங்குல இருந்துச்சு."

அவர் என் இடது கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். அங்கே சேலத்துக்காரம்மா ஒருத்தி, முன்பின் தெரியாதவள், கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள்.

"கேட்டீங்களாங்க? எங்கூட்டுக்காரரு குடிக்கலீங்க."

அந்தம்மா ஒன்றும் புரியாமல் விழித்தாள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். "எங்கூட்டுக்காரரு குடிக்கலீங்க." அதற்கடுத்த கட்டிலுக்கும் போனார். நர்ஸ் தடுக்க வந்தாள். அதற்குள் என் அம்மா எழுந்தாள். பறிப்புப் பை இடுப்பில் தொங்க, வேகமாக நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். கட்டிலில் இருந்த நோயாளியைப் பார்த்து அம்மா சொன்னது, ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் வராந்தா முழுக்க எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

"நெசந்தானுங்க. எம் புள்ளையத் தள்ளி உட்டுட்டு அவரு போயிட்டாருங்க."